தமிழில் தடித்த சாய்வெழுத்து: வேலூர் – ஆம்பூர் வட்டாரப் பெயர்ப்பலகைகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

தடித்த சாய்வெழுத்து என்பது கோடுகள் பருத்தும், எழுத்தின் உடல் வலப்பக்கம் சாய்ந்தும் அமைந்த எழுத்துரு வகையாகும். நீண்ட பத்திகளைப் படிப்பதற்கு இது உரியதன்று. தலைப்பு, பெயர்ப்பலகை, சுவரொட்டி, பொருளின் மேலட்டை ஆகியவற்றில் தொலைவிலிருந்தே கண்ணில் படுவதற்காக இது பயன்படுகிறது. உரோமன் எழுத்தில் சாய்வு வடிவத்துக்கு ஐந்து நூற்றாண்டு வரலாறு உண்டு. தமிழில் அது பரவலானது கணினி அச்சு வந்த பிறகுதான். சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் ராணிப்பேட்டை, வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி என நீளும் தோல் தொழில் வட்டாரத்தில் பிரியாணிக் கடை முதல் காலணிக் கடை வரை இவ்வகை எழுத்தைக் காணலாம். தமிழ் எழுத்தின் அமைப்புக்கு இந்தச் சாய்வு எந்த அளவுக்குப் பொருந்துகிறது, எங்கே பயன்படுகிறது, எங்கே கெடுதல் செய்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

உரோமன் எழுத்தில் சாய்வு

சாய்வெழுத்து முதலில் அழுத்தம் காட்டுவதற்காகத் தோன்றியதன்று. வெனிஸ் நகரில் ஆல்டஸ் மனூட்டியஸ் என்ற பதிப்பாளர் 1501இல் வெர்ஜிலின் நூலை முழுவதும் சாய்வெழுத்திலேயே அச்சிட்டார். அவருக்காக அந்த எழுத்தை வெட்டியவர் பிரான்செஸ்கோ கிரிஃபோ. அக்கால இத்தாலியக் கற்றோர் விரைவாக எழுதிய கையெழுத்தே அதற்கு மூலம். அதாவது சாய்வெழுத்து என்பது நேரெழுத்தைச் சாய்த்துப் பெற்றதன்று. அது வேறொரு கையெழுத்து மரபு. இன்றும் ஆங்கிலச் சாய்வெழுத்தில் சிறிய 'ஏ' எழுத்து இரண்டு மாடியை விட்டு ஒற்றை மாடி வடிவத்துக்கு மாறுகிறது. 'எஃப்' எழுத்து கோட்டுக்குக் கீழே வால் விடுகிறது. நேரெழுத்துக்குத் துணையாக, ஒரு சொல்லைத் தனித்துக் காட்ட அதைப் பயன்படுத்தும் வழக்கம் பின்னர் வந்தது.

பருத்த எழுத்து வந்தது விளம்பரத்தால். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலண்டனில் இராபர்ட் தார்ன் போன்ற எழுத்து வார்ப்பாளர்கள் பரிசுச்சீட்டு விளம்பரங்களுக்கும் சுவரொட்டிகளுக்கும் ஏற்ற மிகத் தடித்த எழுத்துகளை வார்த்தனர். 20ஆம் நூற்றாண்டில் ஆஸ்வால்ட் கூப்பரின் கூப்பர் பிளாக் (1922), மோரிஸ் புல்லர் பென்டனின் அல்ட்ரா போடோனி (1928) ஆகியவை இந்த மரபை வளர்த்தன. கூப்பர் பிளாக்கில் கோட்டு முனைகள் உருண்டு மென்மையாக இருக்கும். போடோனி வகையில் தடித்த கோட்டுக்கு அருகிலேயே மயிரிழை போன்ற மெல்லிய கோடு வரும். சாய்வும் தடிப்பும் சேரும்போது உரோமன் எழுத்துக்கு ஒரு துள்ளல் கிடைக்கிறது. வேகம், புதுமை, கொண்டாட்டம், அழைப்பு ஆகிய உணர்வுகளைத் தர விளம்பரக்காரர்கள் இதை நாடுவதற்குக் காரணம் அதுவே.

தமிழ் அச்சில் சாய்வின் இடம்

1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிடப்பட்டது முதல் ஈய எழுத்துக் காலம் முடியும் வரை, தமிழ் அச்சில் சாய்வெழுத்துக்குப் பெரிய இடம் இருக்கவில்லை. ஒரு சொல்லை அழுத்திக் காட்ட வேண்டுமானால் அச்சுக் கோப்பவருக்கு வேறு வழிகள் இருந்தன. எழுத்தின் அளவைப் பெருக்கலாம், மேற்கோள் குறிக்குள் இடலாம், எழுத்துகளுக்கு இடையே இடம் விடலாம், அல்லது தடித்த எழுத்தில் கோக்கலாம். 'கொட்டை எழுத்தில் போட்டான்' என்ற வழக்குத் தமிழில் நிலைத்திருப்பது இதனால்தான். 'சாய்த்துப் போட்டான்' என்ற வழக்கு உருவாகவில்லை.

சாய்வு வாழ்ந்தது அச்சுக்கூடத்தில் அன்று, ஓவியரின் கையில். இதழ்களின் கதைத் தலைப்புகள், திரைப்படத் தலைப்புகள், சுவர் விளம்பரங்கள், கடைப் பலகைகள் ஆகியவற்றில் தமிழ் எழுத்து சாய்ந்தும் வளைந்தும் நிழல் விட்டும் வந்தது. அங்கே ஒவ்வோர் எழுத்தையும் ஒருவர் வரைந்தார். அச்செழுத்து தராத சுதந்திரத்தைத் தூரிகை தந்தது.

சாய்வுக்கு ஏற்கெனவே ஒரு வேலை

உரோமன் எழுத்தில் சாய்வு என்பது எழுத்தின் பொருளைத் தொடாத ஓர் அணி. சாய்த்தாலும் எழுத்து மாறுவதில்லை. தமிழில் நிலைமை வேறு. தமிழ் எழுத்துகளில் சாய்கோட்டுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

எகரத்தின் அடியில் ஒரு சாய்கோடு இறங்கினால் அது ஏகாரம். துணைக்காலின் வடிவத்துக்கு அடியில் இடப்பக்கமாகச் சிறு சாய்கோடு இறங்கினால் அது ரகரம். நிமிர்ந்த காலுக்கும் சாய்ந்த வாலுக்கும் உள்ள திசை வேறுபாட்டை வைத்தே கண் இவற்றைப் பிரித்தறிகிறது. எழுத்து முழுவதையும் வலப்பக்கம் சாய்க்கும்போது காலும் வாலின் திசையை நோக்கிச் சாய்கிறது. செங்குத்துக் காலிலிருந்து 45 பாகை விலகி நிற்கும் ஒரு வாலை எடுத்துக்கொண்டால், எழுத்தை 15 பாகை சாய்த்தபின் இரண்டுக்கும் இடையிலான கோணம் ஏறத்தாழ 37 பாகையாகக் குறைகிறது. அருகில் நின்று பார்ப்பவருக்கு இது பொருட்டன்று. ஓடும் பேருந்திலிருந்து பார்ப்பவருக்குப் பொருட்டாகும்.

தடிப்பு இன்னொரு சிக்கலைக் கொண்டுவருகிறது. தமிழில் குறில் நெடில் வேறுபாடு பல இடங்களில் ஒரு சிறு சுழியில் அடங்கியிருக்கிறது. ஒற்றைக்கொம்பில் ஒரு சுழி கூடினால் இரட்டைக்கொம்பு. மேல்விலங்கின் முனை சுழிந்தால் இகரம் ஈகாரமாகிறது. ஒகரத்தின் அடி சுழிந்தால் ஓகாரம். பழங்காலத்தில் எகர ஒகரக் குறில்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஓலைச்சுவடியில் புள்ளி இடுவது அருகியதால் குறிலும் நெடிலும் ஒன்றுபோல் எழுதப்பட்டன. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்து அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். கோட்டைத் தடிப்பாக்கும்போது இந்தச் சுழிகளின் உள்வெளி அடைபடுகிறது. சுழி ஒரு கரும்பொட்டாக மாறினால் வீரமாமுனிவர் பிரித்து வைத்தவை மறுபடியும் ஒன்றாகிவிடும்.

இந்த வட்டாரத்தின் தொழிலையே சான்றாகக் கொள்ளலாம். 'தோல்' என்ற சொல்லில் இரட்டைக்கொம்பின் மேற்சுழி அடைபட்டால் அது 'தொல்' ஆகிவிடும். புள்ளி விலகினால் 'தோல' ஆகும். இரண்டு எழுத்துச் சொல்லில் இரண்டு ஆபத்துகள் உள்ளன.

ஊர்ப்பெயர்கள் என்னும் உரைகல்

ஒரு தமிழ் எழுத்துருவின் தடித்த சாய்வு வடிவத்தைச் சோதிக்க வேறெங்கும் போக வேண்டியதில்லை. இந்த வட்டாரத்தில் உள்ள ஊர்களின் பெயர்களை வரிசையாக எழுதிப் பார்த்தாலே போதும்.

'ராணிப்பேட்டை' என்பதில் ரகரமும் துணைக்காலும் அடுத்தடுத்து நிற்கின்றன. வால் தெளிவாக இல்லையென்றால் இரண்டு கால்கள் நடப்பதுபோல் இருக்கும். 'வேலூர்' என்பதில் இரட்டைக்கொம்பின் சுழியும் ஊகாரத்தின் வளைவும் ஒருங்கே வருகின்றன. 'பேரணாம்பட்டு' என்பதில் ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் நடுவே மூன்று சுழி ணகரம் நெருக்கியடித்து நிற்கிறது. தடித்த எழுத்தில் மூன்று சுழி இரண்டாகத் தோன்றினால் ணகரம் னகரமாகும். 'வாணியம்பாடி' என்பதில் மேல்விலங்கு அடுத்த எழுத்தின் மேல் சாய்ந்து விழாமல் இருக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் கடினமானது 'ஆம்பூர்'. பல தமிழ் எழுத்துருக்களில் ர், ரி, ரீ ஆகியவற்றில் ரகரம் தன் வாலை இழந்து துணைக்காலின் வடிவத்திலேயே நிற்கும். அப்போது அது ரகர மெய் என்று சொல்வது மேலே உள்ள புள்ளி மட்டுமே. கணினியில் தட்டச்சு செய்வோர் பலர் ரகர மெய்க்குப் பதிலாகத் துணைக்காலையும் புள்ளியையும் சேர்த்து அடித்துவிடுவதும், தேடுபொறியில் அந்தச் சொல் அகப்படாமல் போவதும் இந்த ஒப்புமையால் வரும் பிழையே. பலகையில் அந்தப் புள்ளி இடம் மாறினாலோ நிழலோடு கலந்தாலோ ஊரின் பெயர் ஒரு நெடிலோடு முடிந்துவிடும். ஊரை அறிந்தவர் பழக்கத்தால் சரியாகப் படித்துவிடுவார். எழுத்து தன் வேலையைச் செய்தது என்று அதற்குப் பொருளில்லை.

தூரிகைச் சாய்வு

பலகை எழுதும் ஓவியர் இந்தச் சிக்கல்களைக் கோட்பாடாக அறிந்திருக்க வேண்டியதில்லை. கை அவற்றைத் தீர்த்தது. மேலும் கீழும் இரண்டு கோடுகளைச் சுண்ணக்கட்டியால் இழுத்துக்கொண்டு எழுத்தின் வெளிவடிவைக் குறித்தபின் எனாமல் வண்ணத்தை நிரப்புவது வழக்கம். உடல் சாய்ந்தாலும் புள்ளியை எழுத்தின் வயிற்றுக்கு நேர்மேலே கொண்டுவந்து வைக்கலாம். சுழியைச் சுற்றி வரும்போது தூரிகையைத் திருப்பிக் கோட்டை மெலிதாக்கி உள்வெளியைத் திறந்து வைக்கலாம். ரகரத்தின் வாலைச் சற்று நீட்டிவிடலாம். ஒரே பலகையில் இரண்டு ரகரம் வந்தால் இரண்டும் ஒன்றுபோல் இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இதனால் நல்ல தூரிகைப் பலகையில் சாய்வு ஒவ்வோர் எழுத்திலும் ஒரே பாகையில் இருப்பதில்லை. துணைக்கால் அதிகம் சாயும். லகரம், வகரம் போன்ற வட்ட எழுத்துகள் குறைவாகச் சாயும். அளந்து பார்த்தால் ஒழுங்கின்மை போலத் தோன்றும். தள்ளி நின்று பார்த்தால் வரி முழுவதும் ஒரே ஓட்டமாக இருக்கும். எல்லா ஓவியர்களும் இதில் தேர்ந்தவர்கள் என்று சொல்ல முடியாது. அலங்காரத்தில் மூழ்கி எழுத்தைத் தொலைத்த பலகைகளும் உண்டு. ஆனால் அங்கே பிழை செய்தவரும் எழுத்தைப் பார்த்தே பிழை செய்தார்.

கணினிச் சாய்வு

பிளெக்ஸ் பதாகை வந்தபின் பலகைத் தொழிலின் பெரும்பகுதி டிடிபி மையங்களுக்கு மாறியது. பாமினி, ஸ்ரீலிபி, வானவில் போன்ற பழைய குறியேற்ற எழுத்துருக்களில் பெயரை அடித்து, கோரல் டிராவில் கொண்டுவந்து, சாய்த்து, சுற்றிலும் அவுட்லைன் கொடுத்து, பின்னால் ஷேடோ வைத்தால் சில நிமிடங்களில் வடிவமைப்பு முடிந்துவிடும். விலையும் குறைவு. சிறிய கடைக்காரருக்கு இது உண்மையான உதவி என்பதை மறுக்க முடியாது.

ஆனால் இங்கே சாய்வை உருவாக்குவது கணக்கு. எழுத்துருவில் தனிச் சாய்வு வடிவம் இல்லாதபோது மென்பொருள் நேரெழுத்தை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. அடிக்கோட்டிலிருந்து எவ்வளவு உயரமோ அவ்வளவு தள்ளல். அடிக்கோட்டுக்கு மேல் 40 செ.மீ. உயரத்தில் புள்ளி உள்ள ஒரு பலகை எழுத்தை 15 பாகை சாய்த்தால் புள்ளி ஏறத்தாழ 11 செ.மீ. வலப்பக்கம் நகரும். 15 செ.மீ. உயரத்தில் உள்ள எழுத்தின் வயிறு 4 செ.மீ. மட்டுமே நகரும். ஆகவே புள்ளி தன் எழுத்தை விட்டு 7 செ.மீ. விலகி அடுத்த எழுத்தின் எல்லையில் போய் நிற்கிறது. வட்டப் புள்ளி நீள்வட்டமாகிறது. தடிப்பும் இவ்வாறே வருகிறது: அவுட்லைன் எழுத்தின் வெளிப்பக்கம் மட்டுமல்லாமல் சுழியின் உட்பக்கமும் பருத்து அதை அடைக்கிறது.

இதே பலகையில் உள்ள ஆங்கிலப் பெயரோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். ஆங்கிலத்துக்குத் தடித்த சாய்வு வடிவம் எழுத்துருவுடனேயே வருகிறது. ஒரு வடிவமைப்பாளர் அதன் உள்வெளிகளை அளந்து வரைந்திருக்கிறார். தமிழுக்கு நேரெழுத்தைத் தள்ளிப் பெற்ற நிழல் மட்டுமே கிடைக்கிறது. தமிழ்நாட்டில் கடைப் பெயர்ப்பலகையில் தமிழ் முதன்மையாக இருக்க வேண்டும் என்று விதி உள்ளது. அந்த விதி இடத்தையும் அளவையும் கேட்கிறது, வடிவத்தைக் கேட்பதில்லை. பெரிதாக எழுதப்பட்ட தமிழ், சிறிதாக எழுதப்பட்ட ஆங்கிலத்தைவிடப் படிக்கக் கடினமாக இருப்பது இப்படித்தான் நேர்கிறது.

தோலின் மேல் எழுத்து

இந்த வட்டாரத்தில் எழுத்து பலகையில் மட்டும் பதிவதில்லை, தோலிலும் பதிகிறது. காலணியின் உட்புறத்தில் பாதம் படும் இடத்திலும், பணப்பை, இடைவார் ஆகியவற்றின் மேலும் உலோக அச்சைச் சூடாக்கி அழுத்தி நிறுவனப் பெயரைப் பதிப்பார்கள். சில வேளைகளில் பொன்னிற அல்லது வெள்ளிநிறப் படலம் இடையே வைக்கப்படும்.

தோல் காகிதத்தைப் போல் சமமான பரப்பன்று. அதற்கு மயிர்க்கண்களும் மணிகளும் உண்டு. போடோனி வகை எழுத்தின் மயிரிழைக் கோடு அந்த மணிகளின் மேல் துண்டு துண்டாகும். கூர்மையான முனை மென்மையான தோலை வெட்டிவிடக்கூடும். மிக நெருக்கமான சுழிகளில் தோல் நசுங்கி உள்வெளி மறையும். ஆகவே தோலுக்கு ஏற்றது மெல்லிய கோடும் ஓரளவு பருத்து, முனைகள் உருண்டு, உள்வெளி தாராளமாக இருக்கும் எழுத்து. கூப்பர் பிளாக் போன்ற உருண்ட தடித்த எழுத்து இவ்விடத்தில் போடோனியைவிடச் சிறப்பாக நிற்பதற்குக் காரணம் பொருளின் இயல்பே.

தமிழ் எழுத்தின் வளைவுகள் கூர்முனை குறைந்தவை என்பதால் தோலுக்கு இயல்பாகவே பொருந்துபவை. பனையோலையில் எழுத்தாணியால் எழுதிய காலத்திலேயே எழுதப்படும் பொருளுக்கு ஏற்ப அமைந்துகொண்ட எழுத்து இது. ஆயினும் ஏற்றுமதிக்காகச் செய்யப்படும் காலணிகளில் வெளிநாட்டு வணிகப் பெயர்களே பதிவாகின்றன. உள்ளூர்ச் சந்தைக்கான காலணிகளிலும் பெரும்பாலும் ஆங்கிலமே. ஆம்பூரில் தைக்கப்பட்ட செருப்பில் 'ஆம்பூர்' என்று தமிழில் பதிக்க வேண்டுமென்று ஒருவர் விரும்பினால், அந்த அளவுக்கென்று வரையப்பட்ட எழுத்தை அவர் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

உருது, வங்க எழுத்துகளோடு ஒப்பீடு

ஆம்பூர், வாணியம்பாடி பகுதிகளில் உருது பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். பள்ளிவாசல், மதரசா, கடை ஆகியவற்றில் தமிழோடும் ஆங்கிலத்தோடும் உருதுவும் எழுதப்படுகிறது. உருதுவுக்குரிய நஸ்தலிக் எழுத்தில் ஒவ்வொரு சொல்லும் வலப்பக்கம் மேலிருந்து இடப்பக்கம் கீழாக இறங்குகிறது. சாய்வு அங்கே அலங்காரமாக வந்ததன்று. எழுத்தின் உடலமைப்பே அதுதான். தனித்தனி ஈய எழுத்துகளைக் கோத்து அந்த இறக்கத்தைக் கொண்டுவர முடியாததால் உருது நூல்கள் நெடுங்காலம் கையால் எழுதிக் கல்லச்சில் அச்சிடப்பட்டன. 1981இல் மிர்சா அகமது ஜமீல் மோனோடைப் நிறுவனத்துடன் சேர்ந்து நூரி நஸ்தலிக்கை உருவாக்கியபோது, எழுத்துகளைத் தனித்தனியே கோக்காமல் ஆயிரக்கணக்கான எழுத்துச் சேர்க்கைகளை முழுமையாக வரைந்தே சேர்த்தனர். சென்னையில் 1927இல் தொடங்கிய 'முசல்மான்' உருது நாளிதழ் கணினிக் காலத்திலும் கையால் எழுதப்பட்டு வந்தது. தன் எழுத்துக்கு எது இயல்போ அதை இயந்திரம் தரும்வரை உருது காத்திருந்தது எனலாம்.

வேலூரில் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வேறொரு ஒப்பீடு கிடைக்கிறது. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் நோயாளிகளுக்காக விடுதிகளிலும் உணவகங்களிலும் வங்க மொழியிலும் இந்தியிலும் பலகைகள் உண்டு. அவ்விரு எழுத்துகளுக்கும் தலைக்கோடு இருக்கிறது. எழுத்தைச் சாய்த்தாலும் தலைக்கோடு கிடைமட்டமாகவே நின்று வரியைப் பிடித்துக்கொள்கிறது. கொடியில் தொங்கும் துணி காற்றில் சாய்வதைப் போன்றது அது. தமிழுக்கு அந்தக் கொடி இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தன் காலில் நிற்கிறது. ஆகவே கண்மூடித்தனமான சாய்வால் தமிழ் வரி அதிகம் தடுமாறுகிறது.

இன்றைய எழுத்துருக்கள்

இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கும் எழுத்துருக்களில் இப்பொருளுக்கு இரண்டு குறிப்பிடத்தக்கவை. ஒன்று கூகுளின் நோட்டோ திட்டத்தைச் சேர்ந்த நோட்டோ செரிஃப் தமிழ். தடித்த கோடும் மெல்லிய கோடும் மாறி மாறி வரும் இவ்வெழுத்துருவுக்கு மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகள் உள்ளன. சாய்வு வடிவமும் உண்டு. இந்திய எழுத்துமுறைகளுக்கான நோட்டோ எழுத்துருக்களில் பெரும்பாலானவற்றுக்கு இத்தகைய சாய்வு இல்லை என்பது கருதத்தக்கது. இதன் சாய்வுக் கோப்புகள் முதலில் 'இத்தாலிக்' என்ற பெயரில் வராமல் 'சாய்ந்தது' என்று பொருள்படும் 'ஸ்லான்டட்' என்ற பெயரில் வந்தன. அது நேர்மையான பெயர். எழுத்தின் அடிப்படை வடிவம் மாறவில்லை. உடல் சாய்ந்திருக்கிறது, அவ்வளவே. எடைகள் தனித்தனியே கிடைப்பதால் அவுட்லைன் கொடுத்துத் தடிப்பாக்க வேண்டிய தேவை இல்லை. ஒரு டிடிபி மையத்துக்கு இது பெரிய முன்னேற்றம். ஆனால் இது புத்தக எழுத்தாகப் பிறந்தது. இதன் மெல்லிய கோடுகள் பக்கத்தில் அழகு. நெடுஞ்சாலைப் பலகையில் அவை காற்றில் கரைந்துவிடும். பலகைக்கு மிகத் தடித்த எடையையே தேர்ந்து, எழுத்துகளுக்கு இடையே கூடுதல் இடம் விட வேண்டும்.

மற்றொன்று இலங்கையைச் சேர்ந்த வடிவமைப்பாளர் தாரிக் அசீஸின் கவிவாணர். கையெழுத்தின் சாயல் கொண்ட சாய்வெழுத்து இது. இங்கே சாய்வு எழுதும் கையிலிருந்து வருவதால் எழுத்துகள் தள்ளிவிடப்பட்டவை போல் தோன்றுவதில்லை. வெனிஸில் 1501இல் நடந்தது போன்ற வழி இது. ஆனால் கவிவாணருக்கு ஒரே எடைதான். அழைப்பிதழில் அமையும், கொட்டை எழுத்தாகாது.

இவ்விரண்டுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. கையிலிருந்து பிறந்த சாய்வும், பலகைக்கென அளந்த தடிப்பும், மென்மையான முனைகளும் சேர்ந்த தமிழ் எழுத்துரு அந்த இடத்துக்கு வேண்டும். அதற்கான மாதிரிகள் பத்திர எழுத்தர்களின் விரைவுக் கையெழுத்திலும், பழைய சுவர்களில் மங்கிக்கொண்டிருக்கும் தூரிகை எழுத்திலும் உள்ளன. வண்ணம் உதிர்வதற்குள் அவற்றைப் படம் எடுத்து வைப்பது எழுத்துரு வடிவமைப்பாளருக்கு மட்டுமல்லாமல் வட்டார வரலாற்றுக்கும் பயன்படும்.

பொருந்தும் இடமும் பொருந்தா இடமும்

பிரியாணிக் கடைப் பலகைக்குத் தடித்த சாய்வு நன்றாகவே பொருந்தும். பெயர் சிறியது, படிப்பவர் பசியோடு வருகிறார், எழுத்தின் துள்ளல் அடுப்பின் சூட்டை நினைவூட்டுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. 100 மீட்டர் தொலைவில் கண்ணில் படும் பலகையைப் படிக்க ஓட்டுநருக்கு நான்கரை வினாடியே உண்டு. அதற்குள் 'ஆம்பூர்', 'பிரியாணி' என்ற இரண்டு சொற்கள் சேர்ந்தால் போதும். கடை வரலாறு, கிளைகள், கைப்பேசி எண் ஆகியவற்றையும் அதே சாய்வில் இட்டால் எதுவுமே சேராது. பெயர் மட்டும் சாயட்டும். மற்றவை நிமிர்ந்து நிற்கட்டும் என்பது நல்ல விதி. திருமண அழைப்பிதழில் மணமக்கள் பெயர், இனிப்புப் பெட்டியின் மேலட்டை, காலணிக் கடையின் தள்ளுபடி அறிவிப்பு ஆகியவையும் இதற்கு ஏற்ற இடங்களே.

சிறிதும் பொருந்தாத இடம் எச்சரிக்கைப் பலகை. தோல் பதனிடும் ஆலைகளிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களிலும் இது அழகுப் பிரச்சினையன்று. தோலின் மயிரை நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு பயன்படுகிறது. சல்பைடு கலந்த கழிவில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சுவாயு வெளிவரும். மூடிய தொட்டிக்குள் இறங்குபவரை அது சில நிமிடங்களில் வீழ்த்திவிடும். அங்கே 'தொட்டிக்குள் இறங்காதீர்' என்ற சொற்கள் ஐயத்துக்கு இடமின்றிப் படிக்கப்பட வேண்டும்.

தமிழில் எதிர்மறை பெரும்பாலும் தனிச் சொல்லாக முன்னால் நிற்பதில்லை. வினையின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'இறங்குவீர்', 'இறங்காதீர்' ஆகிய இரண்டுக்கும் தொடக்கம் ஒன்றே. வேறுபாடு சொல்லின் பின்பாதியில், ஒரு துணைக்காலிலும் ஒரு தகரத்திலும் இருக்கிறது. ஆங்கில வாசகன் முதல் சொல்லிலேயே தடையை அறிந்துவிடுகிறான். தமிழ் வாசகன் இறுதி எழுத்து வரை படிக்க வேண்டியிருக்கிறது. குறைந்த வெளிச்சம், ஈரம், படிந்த அழுக்கு ஆகியவற்றுக்கு நடுவே, அதிகம் பள்ளி செல்லாத ஒருவர் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பலகையில் சாய்வும் நிழலும் அவுட்லைனும் இருக்கக் கூடாது. நிமிர்ந்த, திறந்த சுழிகளுள்ள, சீரான தடிப்புக் கொண்ட எழுத்தும், எழுத்தறியாதவருக்கும் புரியும் படக்குறியும் சேர்ந்திருக்க வேண்டும்.

மதிப்பீடு

தடித்த சாய்வெழுத்து தமிழுக்கு அயலானது என்று ஒதுக்க வேண்டியதில்லை. தூரிகை ஓவியர்கள் அதைத் தமிழாக்கிக் காட்டியிருக்கிறார்கள். குறை சாய்வில் இல்லை. எழுத்தைப் பாராமல் சாய்ப்பதில் இருக்கிறது. உரோமன் எழுத்துக்குச் சாய்வு ஓர் ஆடை. தமிழில் சாய்கோடும் சுழியும் புள்ளியும் பொருள் தரும் உறுப்புகள். அவற்றைத் தொடும் எவரும் ஒவ்வோர் எழுத்தாகத் தொட வேண்டும்.

பலகை செய்யக் கொடுக்கும் கடைக்காரர் இதற்காக எழுத்துரு நூல்களைப் படிக்க வேண்டியதில்லை. அச்சிடும் முன் கணினித் திரையில் உள்ள பெயரைச் சிறிதாக்கி, பத்தடி தள்ளி நின்று, அந்தப் பெயரை அறியாத ஒரு பிள்ளையை விட்டு வாய்விட்டுப் படிக்கச் சொல்லலாம். பிள்ளை தோலைத் தோலென்றும் ஆம்பூரை ஆம்பூரென்றும் தயங்காமல் படித்துவிட்டால், அந்த எழுத்து எவ்வளவு சாய்ந்திருந்தாலும் குற்றமில்லை.